வி.என். ஜானகி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஜி.ஆரின் மனைவி, 1988 ஜனவரியில் கொஞ்ச நாள் முதலமைச்சர். ஜானகி அம்மாளைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டு வரியோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் அவர் பத்தாண்டுக்கு மேல் சினிமாவில் உழைத்துச் சம்பாதித்தவர் என்பது பழைய படம் பார்க்கிற சிலருக்குத்தான் தெரியும். அவரைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். அரசியல் பகுதி எல்லோரும் பேசியதுதான். அதனால் சினிமாவுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

அவர் எந்த ஊர்? பெயருக்கு முன்னால் இருக்கும் வி.என். என்ன?

பிறந்தது வைக்கம், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானம். நாள் 1923 நவம்பர் 30. முதலெழுத்தில் இருக்கும் "வி" ஊர்ப் பெயர், "என்" அம்மா நாராயணியம்மாளின் பெயர். அந்தப் பக்கத்துத் தாய்வழிக் குடும்பங்களில் அம்மா பெயரை முன்னால் போடுவது சாதாரணம்.

அப்பா ராஜகோபால ஐயர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து திருவிதாங்கூருக்குப் பிழைக்கப் போன குடும்பம் அவருடையது. அவருடைய தம்பிதான் பாபநாசம் சிவன். கீர்த்தனைகள் எழுதிய, தியாகராஜ பாகவதர் படங்களுக்குப் பாட்டுகளை அள்ளிக் கொடுத்த அதே சிவன். ஆக, ஜானகிக்கு அவர் சித்தப்பா. சினிமாவும் சங்கீதமும் இந்தப் பெண்ணுக்கு வீட்டுக்குள்ளேயே இருந்தன.

சினிமாவுக்கு எப்படி வந்தார்?

நடனம் வழியாக. அந்தக் காலத்தில் நடனம் தெரிந்த பெண்ணுக்கு ஸ்டூடியோ கதவு சீக்கிரம் திறந்தது. ஏதாவது ஓர் அரசவைக் காட்சி இருக்கும், அதில் ஒரு நாட்டியம் இருக்கும், அதற்கு ஆள் வேண்டும். 1940களின் தொடக்கத்தில் சின்னச் சின்ன வேடங்களும் நடனங்களுமாகவே அவர் காலம் போனது. கதாநாயகியாக நிமிர்ந்தது 1947 வாக்கில்.

அவர் துணை நடிகைதானே? பெரிய கதாநாயகி இல்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வேன், மன்னிக்கவும்.

டி.ஆர். ராஜகுமாரி, பி. பானுமதி மாதிரி முதல் வரிசையில் அவரை வைக்க முடியாது. அது உண்மை. ஆனால் "துணை நடிகை" என்று ஒதுக்குவது, பிற்காலத்தில் எம்.ஜி.ஆர் அடைந்த உயரத்தை வைத்துக்கொண்டு அவரை அளப்பதால் வருகிற கோளாறு. 1947, 1948 நிலவரத்தை எடுத்துக்கொண்டு பாருங்கள்.

1947இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர். சுந்தரம் எடுத்த "ஆயிரம் தலை வாங்கி அபூர்வ சிந்தாமணி" வந்தது. தலைப்பில் இருக்கிற சிந்தாமணி ஜானகிதான். மணம் கேட்டு வரும் இளவரசர்களிடம் கேள்வி கேட்பாள். பதில் தெரியாவிட்டால் தலை போகும். அப்படி ஆயிரம் தலை. படம் நன்றாக ஓடியது. கதாநாயகன் யார் என்று இன்று கேட்டால் பி.எஸ். கோவிந்தன் பெயரைச் சொல்ல ஆள் தேட வேண்டும். தலைப்பே கதாநாயகி பெயரில் இருக்கும்போது படத்தின் பாரம் யார் தலையில் இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருடம் "ராஜமுக்தி". லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போய் 1947இல் விடுதலையான தியாகராஜ பாகவதர், வெளியே வந்ததும் நடித்த முதல் படம். சொந்தத் தயாரிப்பு, படப்பிடிப்பு புனேயில். தமிழ்நாடே எதிர்பார்த்த மறுவரவு அது. அதில் பாகவதருக்கு ஜோடி ஜானகி. அதே படத்தில் ஒரு துணைப் பாத்திரத்தில் நடித்தவர் எம்.ஜி.ஆர். இப்போது சொல்லுங்கள், அந்த செட்டில் யார் நட்சத்திரம்?

படம் ஓடவில்லை, அது வேறு கதை. பாகவதரின் காலம் முடிந்துவிட்டது என்று அந்தப் படம்தான் எல்லோருக்கும் சொன்னது. இந்தப் படத்துக்கு எழுதப் போன புதுமைப்பித்தன் புனேயில் காசநோய் முற்றி ஊர் திரும்பினார், 1948 ஜூன் 30 அன்று இறந்தார். ராஜமுக்தி என்ற பெயரைக் கேட்டாலே இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இது ஞாபகம் வரும்.

அதே 1948இல் வந்த ஜெமினி வாசனின் "சந்திரலேகா"வில் அவருக்கு ஒரு நாடோடி நடனக்காரி வேடம். சின்ன வேடம்தான். ஒரு படத்தில் கதாநாயகி, அடுத்த படத்தில் ஒரே ஒரு நடனம். அன்றைக்குப் பெரும்பாலான நடிகைகளின் பிழைப்பு அப்படித்தான் இருந்தது. வந்த வேலையைச் செய்தார்கள்.

"வேலைக்காரி"யில் அவர்தான் வேலைக்காரியா?

இல்லை. நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 1949இல் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த படம், அண்ணாவின் கதை, வசனம், ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கம். வேலைக்காரி அமிர்தமாக நடித்தவர் எம்.வி. ராஜம்மா. ஜானகி அந்த வீட்டுப் பணக்கார மகள் சரசா. தன் அப்பாவைத் தற்கொலைக்குத் தள்ளிய வேதாசலத்தைப் பழிவாங்க, கே.ஆர். ராமசாமி ஆள்மாறாட்டம் செய்து அவருடைய மகளைக் கல்யாணம் செய்துகொள்வாரே, அந்த மகள்தான் சரசா. பணத்திமிரோடு தொடங்கி, புருஷனிடம் அவமானப்பட்டு, அப்பாவுக்கும் புருஷனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிற பாத்திரம். படத்தில் எல்லோரும் வசனத்துக்குக் கைதட்டுவார்கள். "கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு" என்பது இந்தப் படத்து வசனம்தான். ஆனால் வசனம் பேசுகிறவர்கள் எதிரில் நின்று முகத்தாலேயே பதில் சொல்ல வேண்டியது சரசாவின் வேலை. அதை ஜானகி ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்பது என் கருத்து. பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். திராவிட இயக்கம் சினிமாவை மேடையாக்கிய முதல் வருடங்களில் அவர் அதற்கு உள்ளேயே இருந்திருக்கிறார். அண்ணா எழுதிய படத்தில் நடித்தார். அடுத்து கருணாநிதி எழுதிய படத்திலும் நடித்தார். பின்னால் அரசியலுக்கு வந்தபோது "இவருக்கும் இயக்கத்துக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டவர்களுக்கு இது மறந்துபோயிருந்தது.

எம்.ஜி.ஆரோடு எத்தனை படங்களில் ஜோடியாக நடித்தார்?

மூன்று. "மோகினி" (1948), "மருதநாட்டு இளவரசி" (1950), "நாம்" (1953).

மோகினி ஜூபிடர் படம், இயக்கம் லங்கா சத்யம். அதில் முதல் ஜோடி டி.எஸ். பாலையாவும் மாதுரி தேவியும், எம்.ஜி.ஆரும் ஜானகியும் இரண்டாவது ஜோடி. மருதநாட்டு இளவரசியில்தான் இருவரும் முழுப் படத்தையும் தூக்கி நிறுத்தினார்கள். கருணாநிதியின் எழுத்து, ஏ. காசிலிங்கம் இயக்கம். இந்தப் படத்தின் தலைப்பும் கதாநாயகியைக் குறிப்பதுதான் என்பதைப் பாருங்கள். ஐந்தாறு வருடம் கழித்து எம்.ஜி.ஆர் படங்களுக்கு இப்படி ஒரு தலைப்பு கிடைப்பது அபூர்வமாகிவிட்டது.

"நாம்" படத்தை எடுத்தது மேகலா பிக்சர்ஸ். எம்.ஜி.ஆர், கருணாநிதி, பி.எஸ். வீரப்பா, காசிலிங்கம் நால்வரும் சேர்ந்து நடத்திய கம்பெனி. படம் பெரிதாக எடுபடவில்லை. ஜானகியின் திரை வாழ்க்கையும் அதோடு ஓய்ந்தது.

அவருக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்ததா?

ஆம். முதல் கணவர் கணபதி பட், சினிமாவில் நடிகராகவும் ஒப்பனைக் கலைஞராகவும் இருந்தவர். அந்தத் திருமணத்தில் ஒரு மகன். மண வாழ்க்கை முறிந்து, ஜானகி மகனோடு வெளியே வந்தார். எம்.ஜி.ஆர் அந்த மகனைத் தன் பிள்ளையாகவே வளர்த்தார். எம்.ஜி.ஆருக்குச் சொந்தக் குழந்தைகள் கிடையாது.

முதல் திருமணம் முறிந்ததைப் பற்றி ஊரில் உலவும் கதைகளுக்குக் கணக்கே இல்லை. சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அதை இங்கே கிளறப் போவதில்லை.

எம்.ஜி.ஆருக்கு ஜானகி எத்தனையாவது மனைவி?

மூன்றாவது. முதல் மனைவி பார்கவி என்கிற தங்கமணி, சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அடுத்து சதானந்தவதி. இவர் நீண்ட நாள் நோயாளி, 1962இல் காலமானார். அதற்குப் பிறகுதான் ஜானகியுடனான உறவு சட்டப்படியான திருமணம் ஆனது. ராஜமுக்தி நாட்களில் முதன்முதலாக ஜானகியைப் பார்த்தபோது மறைந்துபோன தங்கமணியின் சாயல் தெரிந்தது என்று எம்.ஜி.ஆர் நெகிழ்ந்ததாகச் சொல்வார்கள்.

கணக்குப் போட்டால், இருவரும் ஒன்றாக நடிக்கத் தொடங்கியதற்கும் திருமணத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 14 வருடம். அவ்வளவு காலம் ஒரு பெண் பெயரில்லாத இடத்தில் நின்றிருக்கிறார். நாயகனுக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை. அந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில்தான் அவர் மக்கள் திலகம் ஆனார். ஜானகி நடிப்பை விட்டது இதே காலத்தில்தான். யார் சொல்லி விட்டார், தானாக விட்டாரா என்பதை இப்போது நாம் தோண்டி எடுக்க முடியாது. முப்பது வயதில், கையில் தொழில் இருந்த ஒருத்தி அதை விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார் என்பது மட்டும் படப் பட்டியலைப் பார்த்தாலே தெரிகிறது.

ராமாவரம் தோட்டத்தில் அவருடைய வாழ்க்கை எப்படி இருந்தது?

தோட்டம் என்பது எம்.ஜி.ஆர் வீட்டுக்கு மக்கள் வைத்த பெயர். மணப்பாக்கம் பக்கம், பரங்கிமலை-பூந்தமல்லி சாலையில் இருக்கிறது. அங்கே போனவர்கள் எழுதியதை எல்லாம் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: சாப்பாடு. வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் "சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வி. எம்.ஜி.ஆர் கையால் பரிமாறினார் என்று எழுதுவார்கள். தினமும் அத்தனை பேருக்கு அடுப்பு எரிந்த வீட்டை நிர்வாகம் செய்தது ஜானகி. அதைப் பற்றி இரண்டு வரி எழுதியவர்கள் குறைவு.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டது இந்த வீட்டில்தான். கழுத்தில் கட்டோடு இருக்கும் எம்.ஜி.ஆர் படம் தேர்தல் சுவரொட்டி ஆனது எல்லோருக்கும் தெரியும்.

1977இல் எம்.ஜி.ஆர் முதலமைச்சர் ஆன பிறகும் ஜானகி அரசியல் மேடைப் பக்கம் பெரிதாக வரவில்லை. நிழற்படங்களில் கணவருக்குக் கொஞ்சம் பின்னால், பட்டுப் புடவையில், அடக்கமாக நிற்பார். ராயப்பேட்டை லாயிட்ஸ் சாலையில் (இன்றைய அவ்வை சண்முகம் சாலை) இருந்த தன் பெயரிலான இடத்தை 1980களில் கட்சிக்குக் கொடுத்தார். அ.தி.மு.க. தலைமை அலுவலகம் இன்றைக்கும் இருப்பது அங்கேதான். அந்தக் கட்டடத்துக்காக 2022இல் கட்சிக்காரர்கள் அடித்துக்கொண்டதை டி.வி.யில் பார்த்தபோது, அது யார் கொடுத்த இடம் என்று எத்தனை பேருக்கு நினைவு வந்ததோ.

எம்.ஜி.ஆர் நோயில் விழுந்தபோது?

1984 அக்டோபரில் அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் ஜானகி. எம்.ஜி.ஆரின் அண்ணன் சக்கரபாணியின் மகள் சிறுநீரகம் கொடுத்தார்.

அந்த டிசம்பரில் தமிழ்நாட்டில் தேர்தல். தலைவர் உயிரோடு இருக்கிறாரா என்றே சந்தேகம் கிளம்பியிருந்தது. கட்சியின் முக்கியத் தலைவர்களில் ஒருவரான ஆர்.எம். வீரப்பன் ஏற்பாட்டில், மருத்துவமனையில் எம்.ஜி.ஆர் உட்கார்ந்திருக்கும், சாப்பிடும் காட்சிகள் ஊர் ஊராகத் திரையிடப்பட்டன. சத்தமில்லாத அந்தச் சின்னப் படத்தில் பக்கத்தில் ஜானகியும் இருப்பார். 1953க்கு அப்புறம் அவர் தமிழ்நாட்டுத் திரைகளில் தோன்றியது இதில்தான். கிண்டலாகச் சொல்லவில்லை. அவரை அதிகம் பேர் பார்த்த "படம்" இதுவாகத்தான் இருக்கும்.

முதலமைச்சர் எப்படி ஆனார்? எம்.எல்.ஏ.வாகக்கூட இல்லையே?

1987 டிசம்பர் 24 அதிகாலை எம்.ஜி.ஆர் இறந்தார். ராஜாஜி மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டிருந்த இரண்டு நாளும் தலைமாட்டில் ஜெயலலிதா நின்றுகொண்டே இருந்தார். அங்கேயே கட்சி இரண்டாகப் போவது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நெடுஞ்செழியன் தற்காலிக முதலமைச்சர். ஒரு பக்கம் அவரும் ஜெயலலிதாவும். இன்னொரு பக்கம் ஆர்.எம். வீரப்பன். வீரப்பனிடம் எம்.எல்.ஏ.க்கள் இருந்தார்கள், மக்கள் முன் நிறுத்த ஒரு முகம் இல்லை. ஜானகியை முன்னால் கொண்டுவந்தார்.

97 சட்டமன்ற உறுப்பினர்கள் ஜானகி பக்கம் நின்றார்கள். ஆளுநர் குரானா அழைக்க, 1988 ஜனவரி 7 அன்று பதவியேற்றார். தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர். சட்டமன்ற உறுப்பினர் இல்லாதவர் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும் என்ற விதியோடு பதவியேற்கலாம், அதனால் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. கணவரை இழந்து இரண்டே வாரம் ஆகியிருந்தது.

சட்டசபையில் அன்றைக்கு என்னதான் நடந்தது?

1988 ஜனவரி 28, நம்பிக்கை வாக்கெடுப்பு. 234 பேர் கொண்ட அவையில் 97 பேர் போதாது. காங்கிரஸ் கைகொடுத்தால் ஆட்சி நிற்கும். ராஜீவ் காந்தி கைகொடுக்கவில்லை. சபாநாயகர் பி.எச். பாண்டியன் எதிர் அணி உறுப்பினர்களைத் தகுதி நீக்கம் செய்தார். அப்புறம் மைக் பறந்தது, நாற்காலி பறந்தது, போலீஸ் அவைக்குள்ளேயே தடியோடு நுழைந்தது. இருந்தவர்களை வைத்து வாக்கெடுப்பு நடத்தி, 99 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு, தீர்மானம் வென்றது என்று அறிவித்தார்கள்.

அந்த வெற்றியை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து, ஜனவரி 30 அன்று, மத்திய அரசு ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவந்தது.

இதில் ஜானகியின் பங்கு எவ்வளவு? என்னைக் கேட்டால், அன்றைய கூத்தில் அவருடைய கை மிகக் குறைவு. காய் நகர்த்தியவர்கள் வேறு ஆட்கள். அதற்காக அவரை ஒன்றும் தெரியாத அப்பாவி என்றும் நான் எழுத மாட்டேன். பதவியேற்க ஒத்துக்கொண்டது அவர்தான். கணவர் கட்டிய கட்சியில் தனக்கு உரிமை இருக்கிறது என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பென்ன?

23 நாளா, 24 நாளா?

இரண்டையும் எழுதுகிறார்கள். ஜனவரி 7, ஜனவரி 30 இரண்டையும் சேர்த்து எண்ணினால் 24, ஒரு முனையை விட்டால் 23. இதற்குச் சண்டை போட வேண்டாம்.

சேவல், இரட்டைப் புறா என்கிறார்களே, அது என்ன?

கட்சி பிளந்ததும் இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரி தேர்தலில் ஜெயலலிதா அணிக்கு சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. "ஜெ அணி", "ஜா அணி" என்று பத்திரிகைகள் எழுதின. எம்.ஜி.ஆருக்கே இரட்டை இலை என்று பழகிய கைகள் வாக்குச் சீட்டில் இலையைத் தேடித் திகைத்த தேர்தல் அது.

ஜானகிக்குத் துணையாக வந்தவர் யார் தெரியுமா? சிவாஜி கணேசன். நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜானகியை ஆதரிக்க வேண்டும் என்று காங்கிரஸிடம் சொல்லி, அது நடக்காமல் வெளியேறி, தமிழக முன்னேற்ற முன்னணி என்று தனிக் கட்சி தொடங்கியிருந்தார். திரையில் கால் நூற்றாண்டு எம்.ஜி.ஆரோடு போட்டி போட்டவர், எம்.ஜி.ஆர் போன பிறகு அவருடைய மனைவிக்காகக் கட்சியை விட்டார். இதை யாராவது கதையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

முடிவு: சிவாஜி திருவையாறில் தோற்றார். எம்.ஜி.ஆர் கடைசியாக வென்ற ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார். அவர் அணிக்கு இரண்டே இடம், ஜெயலலிதா அணிக்கு 27. பதின்மூன்று வருடம் வெளியே இருந்த தி.மு.க. ஆட்சிக்கு வந்தது.

அதன் பிறகு அரசியலில் இருந்தாரா?

இல்லை. 1989 பிப்ரவரியில் இரு அணியும் இணைந்தன, இரட்டை இலை திரும்பக் கிடைத்தது, அடுத்த மாதம் மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்களில் கட்சி வென்றது. தலைமை ஜெயலலிதாவிடம். ஜானகி ஒதுங்கிக்கொண்டார்.

அவர் விட்டுக்கொடுத்தார் என்று ஒரு தரப்பு, தோற்றுப் போனார், வேறு வழியில்லை என்று இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் தோற்ற பிறகும் அணியை இழுத்துக்கொண்டு திரிகிற தலைவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இரண்டு எம்.எல்.ஏ.க்களும் கணிசமான ஓட்டும் கையில் இருந்தபோது அவர் வழக்கு, சின்னம் என்று பத்து வருடம் இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. அந்த ஒரு முடிவால்தான் இரட்டை இலை என்ற சின்னம் தப்பித்தது. 2024 நவம்பரில் சென்னையில் அ.தி.மு.க. அவருக்கு நூற்றாண்டு விழா நடத்தியபோதும், காணொளியில் வாழ்த்துச் சொன்ன ரஜினிகாந்த் உட்படப் பலர் பேசியது இதைத்தான்.

ஜெயலலிதாவுக்கும் அவருக்கும் பகையா?

1988இல் கடுமையான போட்டி, அதில் ஒளிவுமறைவு இல்லை. ஒருவர் மனைவி, ஒருவர் 28 படங்களில் ஜோடியாக நடித்து, பின்னால் கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளராகவும் ஆனவர். ஊர் இதை இரண்டு பெண்களின் சண்டையாகவே ரசித்தது. நெடுஞ்செழியனும் வீரப்பனும் போட்ட சண்டை அதில் மறைந்தே போனது.

பிற்காலத்தில் என்ன செய்தார்?

எம்.ஜி.ஆரின் உயிலில் இருந்ததை நிறைவேற்றுவதில் மீதி வாழ்க்கை போனது. ராமாவரம் தோட்டத்திலேயே காது கேளாத, வாய் பேச முடியாத குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளி அமைந்தது. எம்.ஜி.ஆருக்கு 1988இல் கொடுக்கப்பட்ட பாரத ரத்னாவைப் பெற்றுக்கொண்டவரும் அவரே. அடையாறு ஆற்றங்கரையில் எம்.ஜி.ஆருக்குச் சொந்தமான சத்யா ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்றைக்கு டாக்டர் எம்.ஜி.ஆர்-ஜானகி மகளிர் கலை அறிவியல் கல்லூரி நடக்கிறது.

1996 மே 19 அன்று மாரடைப்பால் காலமானார். வயது 72. அந்த மாதம்தான் ஜெயலலிதா ஆட்சியை இழந்து கருணாநிதி மீண்டும் முதலமைச்சர் ஆகியிருந்தார். மருதநாட்டு இளவரசிக்கு வசனம் எழுதியவர். ஜானகியின் நினைவிடம் ராமாவரம் தோட்டத்திலேயே இருக்கிறது.

அவர் நடிப்பைப் பார்க்க வேண்டும். எந்தப் படத்தில் தொடங்கலாம்?

"வேலைக்காரி"யில் தொடங்குங்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும், ஒலி கொஞ்சம் கரகரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாடகத்தனம் அதிகம் என்று பாதியில் நிறுத்தத் தோன்றும். சரசாவுக்குக் கல்யாணம் ஆகும் வரையாவது பாருங்கள், அதற்குப் பிறகுதான் அவருக்கு வேலையே இருக்கிறது. அப்புறம் "மருதநாட்டு இளவரசி". இளைத்த உடம்போடு, இன்னும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாத எம்.ஜி.ஆரைப் பார்க்க வருகிறவர்கள், பக்கத்தில் நிற்கிறவரையும் கொஞ்சம் பார்க்கலாம். "சந்திரலேகா"வை முரசு நடனத்துக்காக எப்படியும் பார்ப்பீர்கள். அந்த நாடோடிக் கூட்டக் காட்சி வரும்போது ஓட்டிவிடாதீர்கள், அங்கே ஆடுவது ஜானகி.